டாப் ஃப்ளோர் வீடு, ஏசி இல்லை: சூடு எந்த வழியா வருது?

இன்னைக்கு ஒரு நேயரோட கேள்வியிலிருந்து ஆரம்பிக்கலாம். அவர் மடிப்பாக்கத்துல டாப் ஃப்ளோர் வாடகை வீட்டுல இருக்கார். "நான் பகல் முழுக்க ஆபீஸ் ஏசியில இருக்கேன். அம்மா வீட்டுல தனியா இருக்காங்க. இப்போதைக்கு ஏசி வாங்க முடியாது. வேற என்ன பண்ணலாம்?"னு கேட்டிருந்தார்.

ஒரு ஆப் ஸ்லோவா இருந்தா, எந்த இடத்துல மாட்டுதுன்னு பார்த்துட்டுத்தான் கை வைப்போம். இதுவும் அப்படித்தான். சூடு எந்த வழியா உள்ளே வருதுன்னு முதல்ல பார்க்கணும்.

சென்னை 13 டிகிரி வடக்கு அட்சரேகையில இருக்கு. அதனால ஏப்ரல் கடைசி வாரத்துல நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நம்ம தலைக்கு நேர் மேல நிக்கும். அப்போ சுவர்ல பெருசா வெயில் படாது, மொத்தமும் மொட்டை மாடியிலதான் விழும். கான்கிரீட் அந்தச் சூட்டை வாங்கி வச்சுக்கிட்டு, சில மணி நேரம் எடுத்து மெதுவா கீழே இறக்கும். வெளியே காத்து குளிர்ந்த பிறகும் ராத்திரி 9 மணிக்கு சீலிங் சுடுறதுக்கு இதுதான் காரணம். ஃபேன் போட்டா அனலா அடிக்குதே, அது சீலிங்கை ஒட்டி நிக்கிற அந்தச் சூடான காத்துதான்.

அதனால முதல் வேலை மொட்டை மாடியில. பழைய சாம்பல் நிற சிமெண்ட் தளம் வெயில்ல பாதிக்கு மேல உள்ளே இழுத்துக்கும். வெள்ளை அடிச்சா பெரும்பகுதி திரும்பிப் போயிடும். கூல் ரூஃப் பெயிண்ட் அடிக்கலாம், சுண்ணாம்பும் போதும். சுண்ணாம்பு மழையில கரையும், வருஷா வருஷம் அடிக்கணும். இது பெரிய ரகசியம் இல்லை. தெலங்கானா அரசு 2023-லயே கூல் ரூஃப் கொள்கை கொண்டு வந்திருக்கு. வாடகை வீடுன்னா ஓனர்கிட்டயும் அசோசியேஷன்லயும் கேட்டுட்டு செய்யுங்க.

ரெண்டாவது, மேற்கு ஜன்னல். சாயங்கால வெயில் சாய்வா நேரா உள்ளே வரும். உள்பக்கம் திரை போட்டா, கண்ணாடியைத் தாண்டி வந்த சூட்டை வீட்டுக்குள்ளதான் தடுக்கிறோம். மூங்கில் தட்டியோ பச்சை நிழல் வலையோ வெளிப்பக்கம் கட்டுங்க.

மூணாவது, நேரம். வீட்டுக்குள்ள இருக்கறதை விட வெளியே சூடா இருக்கும்போது ஜன்னலை மூடுங்க, குளிர்ந்ததும் திறங்க. ராத்திரி ஒரு ஜன்னல் பக்கத்துல டேபிள் ஃபேனை வெளியே பார்த்த மாதிரி வைங்க. அது உள்ளே இருக்குற சூடான காத்தை வெளியே தள்ளும், எதிர் ஜன்னல் வழியா குளிர்ந்த காத்து உள்ளே வரும்.

ஏர் கூலர் வாங்கலாமான்னு நிறைய பேர் கேக்குறீங்க. தண்ணி ஆவியாகும்போதுதான் அது குளிர வைக்கும். வேலூர் மாதிரி வறண்ட வெயில்ல நல்லா வேலை செய்யும். சென்னைக் காத்துல ஏற்கெனவே ஈரம் அதிகம். மூடின ரூம்ல கூலர் போட்டா கசகசப்புதான் கூடும்.

ஃபேன் ரூமைக் குளிர வைக்காது, நம்ம வியர்வையைத்தான் ஆவியாக்கும். ஆள் இல்லாத ரூம்ல ஓடுற ஃபேன் வெறும் கரண்ட் செலவு. சாதாரண ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேன் 30 வாட் பக்கம். தினம் 20 மணி நேரம் ஓடினா ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 1 யூனிட் மிச்சம்.

இப்போ அம்மா விஷயம். ரூம்ல ஒரு சின்ன தெர்மாமீட்டர் மாட்டிடுங்க. 40 டிகிரிக்கு மேல போனா ஃபேனை மட்டும் நம்பக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அந்த மாதிரி நாள்ல மதியம் 12-லிருந்து 4 வரைக்கும் கீழ் ஃப்ளோர் வீட்டுலயோ சொந்தக்காரங்க வீட்டுலயோ இருக்கச் சொல்லுங்க. வயசானவங்களுக்கு தாகம் சரியா தெரியாது, அதனால கேக்காமலே தண்ணி கொடுக்கணும். மதியம் ஒரு போன் பண்ணுங்க. பேச்சு குழறினாலோ, சம்பந்தம் இல்லாம பேசினாலோ அது சாதாரண அசதி இல்லை. பக்கத்து வீட்டுக்காரங்களை உடனே போகச் சொல்லி, உடம்பை ஈரத்துணியால நனைச்சு ஃபேன் காத்துல வைக்கச் சொல்லுங்க. 108-க்கு நீங்க போன் பண்ணுங்க.

மாடியில வெள்ளை அடிக்க ஒரு ஞாயித்துக்கிழமை போதும். பக்கத்து வீட்டு நம்பர் போன்ல இருக்கான்னு மட்டும் இன்னைக்கே பார்த்துடுங்க.