உஷார்! “வயசு போன மனிசிக்குக் கீமோ எதுக்கு?”

மார்புப் புற்றுநோய் வந்த அம்மாவுக்காகவோ அம்மம்மாவுக்காகவோ வீட்டுத் திண்ணையில் முடிவெடுக்கும் கிரான் பிள்ளைகளே, கொஞ்சம் நில்லுங்கள். “எழுபது தாண்டிட்டு, ஊசி மருந்து தாங்க ஏலாது, விடுவம்” என்பார் ஒருவர். “எவ்வளவு பலமான மருந்தெண்டாலும் ஏத்துங்க” என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சும் உயிருக்கு உலை வைக்கும். அடையாள அட்டையில் உள்ள வயதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

முதலில் ரிப்போட்

கட்டியிலிருந்து எடுத்த சதையின் ரிப்போட்டில் ஈ.ஆர்., பி.ஆர். (ஹோமோன் ஏற்பிகள்), ஹெர்-2 (ஒரு புரதம்) என்று மூன்று விடயங்கள் இருக்கும். ஈ.ஆர். பொசிட்டிவ் என்றால் அந்தப் புற்று ஹோமோனில் வளர்வது. வயதான பெண்களுக்கு வருவதில் பெரும்பாலானது இந்த வகைதான். லெட்ரோசோல், தமொக்சிபென் போன்ற தினக் குளிசையை ஐந்து வருடமாவது விடாமல் போடுவதே இதற்குப் பிரதான காவல். கீமோவால் கூடுதலாகக் கிடைக்கும் ஆயுள் பலருக்குச் சொற்பம். சிலருக்கு இல்லவே இல்லை.

ஈ.ஆர். நெகட்டிவ் என்றால் கதை வேறு. ஹோமோன் குளிசை அங்கே எடுபடாது. கீமோதான் முக்கிய ஆயுதம். “வயசு போயிட்டு” என்று அதைக் கைவிட்டால், தப்பக்கூடிய ஒருவரை நாமே இழக்கிறோம்.

“லேசான மருந்தாத் தாங்க” என்று கேட்காதீர்கள்

அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன, ஆரம்பக் கட்ட மார்புப் புற்றுநோய் உள்ள 633 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு வழமையான கீமோ. மறு பகுதியினருக்கு இலகுவானது என்று கருதப்பட்ட கேப்சிட்டபின் குளிசை. மூன்று வருடத்தில் நோய் திரும்பாமல் உயிரோடிருந்தவர்கள் வழமையான கீமோவில் 85 சதவீதம், குளிசையில் 68 சதவீதம். ஹோமோன் நெகட்டிவ் பெண்களுக்கே அடி பலமாக விழுந்தது. (நோய் பரவிய நிலையில் இதே குளிசை பயன்படுகிறது, டாக்டர் தந்திருந்தால் நிறுத்த வேண்டாம்.)

உடம்பைக் கணக்கெடுங்கள்

75 வயதிலும் வயலுக்குப் போய்வரும் மனிசி கீமோவைத் தாங்கலாம். 66 வயதில் இருதயம் பழுதானவர் தாங்காமல் போகலாம். இருதயம், சிறுநீரகம், அடிக்கடி விழுவது, மறதி, மெலிவு எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சீனி வருத்தத்தை மறைக்கவே வேண்டாம். கீமோவோடு தரும் ஸ்டீரொயிட் சீனியைக் கிடுகிடுவென ஏற்றும். நாட்டு மருந்து குடித்தால் அதையும் சொல்லுங்கள்.

மாரி மழையில் இரட்டை ஆபத்து

கீமோ ஏற்றி ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் வந்தால் அது சாதாரண காய்ச்சல் இல்லை. சில மணித்தியாலத்தில் ஆளைக் கொண்டுபோகலாம். பனடோலைப் போட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கிரான் – புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்தில் மூழ்கி, மக்கள் படகில் கடப்பதை மாரிதோறும் பார்க்கிறோம். வாவிக்கு அப்பால் இருப்பவர்கள் மழை தொடங்க முன்னரே கிளினிக்கில் சொல்லி, கீமோவுக்குப் பிந்திய அந்த நாட்களுக்கு வாழைச்சேனை, மட்டக்களப்பு ஆஸ்பத்திரிகளுக்குக் கிட்ட உள்ள உறவுக்காரர் வீட்டில் அம்மாவைத் தங்க வையுங்கள். வீட்டில் ஒரு வெப்பமானி கட்டாயம்.

இன்றே செய்ய வேண்டியது

நோவில்லாத கட்டி, உள்ளிழுத்த முலைக்காம்பு, தோலில் சுருக்கம் கண்டால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். 35 வயது தாண்டிய பெண்களுக்காகச் சுகவனிதையர் கிளினிக் நாட்டில் 1996 முதல் நடக்கிறது. அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசில்லை. நோய் உறுதியானால் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த வகைப் புற்று? கீமோ ஏற்றினால் எவ்வளவு நன்மை? அம்மாவின் உடம்பு தாங்குமா? அம்மாவையும் பக்கத்தில் இருத்திக் கேளுங்கள். கடைசி முடிவு அவருடையது.