பிசினில் பதித்த இறாலும் பொன் துகளும்

மட்டக்களப்பு வாவிக் கரையில் 1970களின் பிற்பகுதியில் வேரூன்றிய இலங்கையின் வணிக இறால் வளர்ப்பு, போரினால் அங்கு தடைப்பட்டு வடமேல் மாகாணத்தில் பெருகியது. 1996இல் அங்குள்ள பண்ணைகளை வெண்புள்ளி நோய் தாக்கிப் பெரும் இழப்பை ஏற்படுத்தியது. இந்நோயின் வைரசு உறையிலுள்ள விபி28 என்னும் புரதம் இறாலின் கலத்துக்குள் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் காண உதவுவது, பிசினில் பதித்த இழையத்தைப் பிறபொருளெதிரி கொண்டு சாயமிடும் முறையாகும்.

பிறபொருளெதிரி என்பது குறித்த ஒரு புரதத்தை இனங்கண்டு அதனுடன் மட்டும் இணைய, விலங்கின் உடல் உருவாக்கும் புரதமாகும். இழையத் துண்டைப் பிசினில் இறுக்கி, வைரக் கத்தியால் 60 முதல் 80 நானோமீற்றர் தடிப்பில் சீவி, முதலில் விபி28க்கு எதிரான பிறபொருளெதிரியையும், பின்னர் அதனைப் பற்றும் பொன் துகள் ஏந்திய இரண்டாவது பிறபொருளெதிரியையும் இடுவர். பொன் இலத்திரன்களைத் தடுப்பதால், இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைரசின் உறையோரமாகக் கரும்புள்ளிகள் தெரியும்.

இதில் சிக்கல் பிசினிலேயே இருக்கிறது. வழக்கமான எபொக்சிப் பிசின் கலத்தின் அமைப்பைத் தெளிவாகக் காத்தாலும், இழையத்துடன் வேதிப்பிணைப்பை ஏற்படுத்துவதாலும், 60 பாகை வெப்பத்தில் இறுகுவதாலும், அதற்கு முன் இடப்படும் ஒசுமியம் புரதங்களைச் சிதைப்பதாலும், பிறபொருளெதிரி பற்ற வேண்டிய இடம் மறைந்துவிடுகிறது. நீரை ஏற்கும் எல்ஆர் வைட், கழி 35 பாகையில் புறஊதா ஒளியால் இறுகும் லோவிக்ரில் ஆகிய அக்ரிலிக் பிசின்கள் படத்தின் தெளிவைச் சற்றே விட்டுக்கொடுத்துப் புரதத்தைக் காக்கின்றன. புரதத்தைத் தேடுவோருக்கு இவையே ஏற்றவை. எந்தப் பிசினிலும் பிறபொருளெதிரி உள்ளே ஊடுருவாது, வெட்டுமுகத்தின் மேற்பரப்பில் வெளிப்பட்ட புரதங்களையே பற்றும் என்பதால், புள்ளிகள் குறைவாயிருப்பது புரதம் குறைவென்பதற்குச் சான்றாகாது. முதற் பிறபொருளெதிரி இடாத வெட்டுமுகம் ஒன்றையும் உடன் பார்க்காமல் எந்தப் புள்ளியையும் நம்புவதற்கில்லை.

குளத்தில் நோய் உண்டா என்று மட்டும் அறிய, வைரசின் மரபுப்பொருளைத் தேடும் பீசீஆர் சோதனையே போதும், அது விரைவானது. இம்முறையோ வைரசு எந்தக் கலத்தில், எந்தப் பகுதியில் பெருகுகிறது என்னும் கேள்விக்கு உரியது. அதற்கு அனுப்பப்படும் இழையத் துண்டு இறாலின் ஈரலிலிருந்து அன்றிச் செவுளிலிருந்து வெட்டப்பட வேண்டும். ஏனெனில் இவ்வைரசு ஈரற்குழாய்க் கலங்களைத் தாக்குவதில்லை. செத்து மிதக்கும் இறாலும் ஐஸில் உறைந்த இறாலும் இதற்கு உதவா. உயிருள்ள இறாலிலிருந்து மில்லிமீற்றர் அளவுத் துண்டு எடுத்த உடனேயே பதப்படுத்தும் கரைசலில் இடப்பட வேண்டும்.