திரையின் முன்பக்கத்தில் ஒரு பொறியாளர்

பள்ளி முடிந்து பசியோடு வருகிறீர்கள். உணவங்காடியில் வரிசையில் நிற்க மனமில்லாமல், திறன்பேசிச் செயலியிலேயே ஒரு தட்டு கோழிச்சோற்றுக்குச் சொல்கிறீர்கள். பொத்தானைத் தொட்டும் திரையில் அசைவே இல்லை. ஒரு நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் தொடுகிறீர்கள். கடைக்குப் போனால் இரண்டு தட்டு காத்திருக்கிறது. பணமும் இரண்டு முறை கழிந்திருக்கிறது.

பொறுமையில்லாமல் தொட்டது உங்கள் குற்றம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பதில் சொல்லாத பொத்தானை மனிதர்கள் மறுபடியும் தொடத்தான் செய்வார்கள். மின்தூக்கிப் பொத்தானை நாம் எத்தனை முறை அழுத்துகிறோம்! இதை முன்கூட்டியே நினைத்துப் பார்ப்பதற்கென்று ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அவரைத்தான் ‘ஃபிரன்ட்-எண்ட்’ பொறியாளர் என்கிறோம். தமிழில் முன்பக்கப் பொறியாளர் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு செயலிக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. உங்கள் கணக்கு, கடையின் விலைப்பட்டியல், பணப் பரிமாற்றம் எல்லாம் தொலைவில் உள்ள சேவையகக் கணினிகளில் இருக்கின்றன. அது பின்பக்கம். உங்கள் விரல் தொடுவதும் கண் பார்ப்பதும் முன்பக்கம். இணையத்தளத்தின் முன்பக்கம் மூன்று மொழிகளால் ஆனது. எச்டிஎம்எல் ‘இது தலைப்பு, இது பொத்தான்’ என்று சொல்லும். சிஎஸ்எஸ் நிறத்தையும் அளவையும் இடத்தையும் தீர்மானிக்கும். தொட்டால் என்ன நடக்கவேண்டும் என்பதை ஜாவாஸ்கிரிப்ட் சொல்லும். இந்த ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை 1995ஆம் ஆண்டில் பிரெண்டன் ஐக் பத்தே நாள்களில் உருவாக்கினார். அந்த அவசரத்தில் நுழைந்த சில விநோதங்களோடு பொறியாளர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள்.

கோழிச்சோற்றுக்கு வருவோம். 0.1 நொடிக்குள் பதில் வந்தால் ‘உடனே நடந்தது’ என்று மனித மூளை எடுத்துக்கொள்ளும். ஒரு நொடியைத் தாண்டினால் காத்திருக்கிறோம் என்ற உணர்வு வந்துவிடும். பத்து நொடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். ஜேக்கப் நீல்சன் என்ற ஆய்வாளர் 1993ஆம் ஆண்டில் தம் நூலில் தொகுத்துச் சொன்ன எல்லைகள் இவை. கருவிகள் மாறினாலும் மூளை மாறவில்லை என்பதால் இன்றும் இவை பொருந்துகின்றன.

சேவையகத்தின் பதில் வர இரண்டு நொடி ஆகலாம். எம்ஆர்டி ரயில் சுரங்கத்துக்குள் போனால் இன்னும் தாமதமாகலாம். அதை முன்பக்கப் பொறியாளரால் மாற்ற முடியாது. ஆனால் விரல் பட்ட 0.1 நொடிக்குள் பொத்தானின் நிறத்தை மாற்றி, ‘அனுப்பப்படுகிறது’ என்று காட்டி, பதில் வரும்வரை அதைப் பூட்டிவைக்க முடியும். அதுவும் போதாது. இணைப்பு அறுந்தால் செயலியே அந்தக் கோரிக்கையை மறுபடி அனுப்பக்கூடும். ஆகவே ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி எண்ணைத் திறன்பேசியிலேயே கொடுத்து அனுப்புவார்கள். அதே எண் இரண்டாம் முறை வந்தால், ‘இது பழையதுதான்’ என்று சேவையகம் விட்டுவிடும். இதற்குப் பின்பக்கப் பொறியாளரோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும். பேசாமல் தனியாக நிரல் எழுதிக்கொண்டிருக்கலாம் என்று எண்ணி இந்த வேலைக்கு வருபவர்கள் முதல் வாரத்திலேயே ஏமாந்துபோவார்கள்.

இன்னொரு சிக்கல். ஒரு பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் ஓடும். சமையல்காரர் ஒருவரே உள்ள கடைபோல. அவர் பெரிய பாத்திரத்தைக் கிண்டிக்கொண்டிருந்தால் உங்கள் விரல் தொட்டதைக்கூட கவனிக்கமாட்டார். பல திறன்பேசித் திரைகள் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. அதற்குள் வேலை முடியாவிட்டால் திரை திக்கித் திக்கி நகரும்.

சிறிய நிறுவனம், பெரிய பொறுப்பு

‘ஸ்டார்ட்-அப்’ எனப்படும் புதுத்தொழில் நிறுவனத்தில் இந்த வேலை வேறு முகம் காட்டுகிறது. நீங்கள் பயன்படுத்தும் கிராப் செயலியும் ஒரு காலத்தில் அப்படிப்பட்டதுதான். ஆண்டனி டான், டான் ஹூய் லிங் இருவரும் 2012ஆம் ஆண்டில் மலேசியாவில் ‘மைடெக்சி’ என்ற பெயரில் அதைத் தொடங்கினர். பெரிய நிறுவனத்தில் ஒரு பொறியாளர் ஆண்டு முழுவதும் ஒரே பக்கத்தின் ஒரு மூலையைப் பார்த்துக்கொள்ளலாம். பத்துப் பேர் உள்ள நிறுவனத்தில் காலையில் வடிவமைப்பாளரோடு திரையை வரைய வேண்டும். நண்பகலில் நிரல் எழுதவேண்டும். மாலையில் வாடிக்கையாளரின் புகாருக்குப் பதில் தேடவேண்டும். எழுதிய நிரலை இன்னொரு பொறியாளர் படித்துக் குறை சொன்ன பிறகே அது வெளியே போகும். அந்தக் குறைகளைக் கேட்டுக்கொள்ளப் பழகுவது, நிரல் எழுதப் பழகுவதைவிடக் கடினம் என்பது என் கருத்து.

சில நிறுவனங்களில் முன்பக்கமே முழுப் பொருளாகிவிடும். ஃபிக்மா நல்ல உதாரணம். பல்கலைக்கழகத்தில் சந்தித்த டிலன் ஃபீல்டும் இவான் வாலசும், பலர் ஒரே நேரத்தில் வரையக்கூடிய வடிவமைப்புக் கருவியை உலாவிக்குள்ளேயே இயங்கவைக்க 2012ஆம் ஆண்டில் இறங்கினர். அந்தக் கனமான வேலையை உலாவி தாங்குமா என்பதுதான் கேள்வி. திரையில் வரையும் பொறுப்பைத் திறன்பேசி விளையாட்டுகளைப்போல வரைகலைச் சில்லிடம் ஒப்படைத்தார்கள். எல்லாருக்கும் அதைத் திறந்துவிட 2016ஆம் ஆண்டு ஆயிற்று. நான்கு ஆண்டு பொறுத்திருக்க எல்லா நிறுவனங்களிடமும் பணம் இருக்காது. பல புதுத்தொழில் நிறுவனங்கள் பணம் தீர்ந்து மூடப்படுகின்றன. பல மாதம் உழைத்துச் செய்த பகுதியை ‘யாரும் பயன்படுத்தவில்லை’ என்று ஒரே நாளில் நீக்கச் சொல்வதும் உண்டு. வேலைக்குச் சேருமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பெயர்ப் பெட்டியில் ஒரு தகராறு

முன்பக்க வேலையில் எளிதானது எது என்று கேட்டால், ‘பெயரை நிரப்பும் பெட்டி’ என்று பலர் சொல்வார்கள். நம் வீட்டுப் பெயர்களைக் கொண்டு அதைச் சோதித்துப் பாருங்கள்.

சிங்கப்பூர்த் தமிழர் பலரின் அடையாள அட்டையில் ‘எஸ்/ஓ’ அல்லது ‘டி/ஓ’ இருக்கும். மலேசியாவில் அது ‘ஏ/எல்’, ‘ஏ/பி’. அவசரத்தில் ஒரு பொறியாளர் ‘எழுத்துகள் மட்டும்’ என்று விதி எழுதிவிட்டால், அந்தச் சாய்கோட்டைப் பார்த்ததும் பெட்டி சிவந்து ‘தவறான பெயர்’ என்கிறது. உங்கள் தாத்தா வைத்த பெயரைத் தவறு என்று சொல்ல அந்தப் பெட்டி யார்? அடுத்து ‘குடும்பப் பெயர் கட்டாயம்’ என்ற பெட்டி வரும். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. தந்தையின் பெயரை அங்கே எழுதினால், வரும் மின்னஞ்சலில் அப்பாவை வரவேற்பார்கள். பெயர்களைப் பற்றி நிரலாளர்கள் தவறாக நம்பும் 40 விஷயங்களை 2010ஆம் ஆண்டில் பேட்ரிக் மெக்கன்சி என்ற பொறியாளர் பட்டியலிட்டார். எல்லாருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்பதும் அவற்றில் ஒன்று.

தமிழிலேயே எழுதினால் இன்னொரு வேடிக்கை. ‘மீனாட்சி’யில் எத்தனை எழுத்து? மீ, னா, ட், சி என நான்கு. ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால் எட்டு என்று சொல்லும். யூனிகோட் முறையில் ம ஒரு குறியீடு, அதன் நெடில் குறி தனிக் குறியீடு. ட ஒன்று, அதன் மேலுள்ள புள்ளி இன்னொன்று. முதல் ஐந்து குறியீடுகளை மட்டும் காட்டும்படி ஒருவர் நிரல் எழுதினால், திரையில் ‘மீனாட’ என்று நிற்கும். புள்ளி பறிபோய்விடும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தவருக்கு இந்தக் கோளாறு கடைசிவரை தெரியவே தெரியாது. அவர் கெட்டவர் இல்லை. அவருடைய குழுவில் மீனாட்சி இல்லை, அவ்வளவுதான். பயனாளர் உணரும் எழுத்துகளாகப் பிரித்து எண்ணும் வசதி இப்போது உலாவிகளில் உண்டு. அதைத் தேடிப் பயன்படுத்த வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றவேண்டும்.

எதைப் படிப்பது?

மருத்துவர், வழக்கறிஞர்போல இந்த வேலைக்கு உரிமம் தேவையில்லை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் பெற்றவர்களும் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படித்தவர்களும் இதில் இருக்கிறார்கள். வரைகலை படித்துவிட்டு வந்தவர்களும் உண்டு. நேர்முகத்தேர்வில் சான்றிதழோடு, நீங்கள் செய்து காட்டிய பொருளையும் பார்ப்பார்கள். பள்ளித் தமிழ் மன்றத்துக்கு ஒரு பக்கம், பாட்டியின் மருந்து நேரத்தை நினைவூட்டும் ஒரு பக்கம், இப்படி உண்மையான ஒருவர் பயன்படுத்தும் சிறிய பொருளாக இருந்தால் சொல்ல நிறைய இருக்கும். பாட்டியால் எந்தப் பொத்தானைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது எந்தப் பாடநூலிலும் இருக்காது. வேலைப்பயிற்சி கிடைத்தால் விடாதீர்கள்.

ஃபேஸ்புக் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ரியாக்ட் போன்ற கருவிகளை வேலைவாய்ப்பு விளம்பரங்களில் அடிக்கடி பார்ப்பீர்கள். அவை வரும், போகும். ஆனால் 1990களின் தொடக்கத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய எளிய எச்டிஎம்எல் பக்கங்களை இன்றைய உலாவியும் திறந்து காட்டுகிறது. அதனால் அடிப்படை மூன்று மொழிகளிலிருந்து தொடங்குவதே சிக்கனம். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஒரு பெயர்ப் பெட்டியைச் சில நொடிகளில் எழுதித் தந்துவிடும். அது ‘டி/ஓ’வை ஏற்குமா என்று சோதித்துப் பார்ப்பது உங்கள் பங்கு.

இன்றே தொடங்க ஒரு கணினி போதும். உலாவியில் எஃப்12 விசையைத் தட்டி ‘கன்சோல்’ பகுதிக்குப் போங்கள். பல கணினிகளில் அது திறக்கும். உங்கள் பெயரைத் தமிழில் மேற்கோள் குறிக்குள் எழுதி, ஒரு முற்றுப்புள்ளி வைத்து, நீளம் என்று பொருள்படும் ‘லெங்த்’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சிறிய எழுத்துகளில் சேர்த்து, என்டர் விசையை அழுத்துங்கள். ‘தமிழ்’ என்று எழுதினால் ஐந்து என்று வரும். உங்கள் பெயருக்கு எத்தனை வருகிறது, அதில் எத்தனை குறியீடு எந்த எழுத்துக்கு உரியது என்று தாளில் பிரித்து எழுதிப் பாருங்கள்.