கோலார் தங்கவயலின் காற்று, நீர், தூசு: பாய்மவியல் மாநாடுகள் பேசும் அறிவியல் என்ன?

கோலார் தங்கவயல்: நீர், காற்று, எண்ணெய், ரத்தம் என ஓடும் இயல்புடைய பொருள்கள் அனைத்தையும் அறிவியல் ‘பாய்மம்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறது. பாய்மங்களின் ஓட்டத்தை ஆராய்வோர் இந்தியாவில் ஆண்டுதோறும் ஒரே அரங்கில் கூடுகின்றனர். பாய்ம இயக்கவியல் மற்றும் பாய்மத் திறனுக்கான தேசியக் கழகத்தின் இந்த மாநாடு 2022 டிசம்பரில் ரூர்க்கி ஐஐடியிலும், 2023 டிசம்பரில் ஜோத்பூர் ஐஐடியிலும் நடைபெற்றது. ஜோத்பூரில் நடந்தது 50-ஆவது தேசிய மாநாடாகவும் 10-ஆவது சர்வதேச மாநாடாகவும் அமைந்தது.

விமான இறக்கை, விசையாழி, குழாய் ஓட்டம் என அங்கு வாசிக்கப்படும் ஆய்வுரைகள் பொதுமக்களின் வாழ்விலிருந்து விலகியவையாகத் தோன்றலாம். பெங்களூருவிலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவில் உள்ள கோலார் தங்கவயலின் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. இந்தச் சுரங்க நகரின் நேற்றைய உழைப்பும் இன்றைய அச்சமும் மூன்று ஓட்டங்களைச் சார்ந்தவை.

ஆழத்துக்குச் சென்ற காற்று

1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தின் வருகைக்குப் பின் விரிவடைந்த இச்சுரங்கங்களில், வட ஆற்காடு உள்ளிட்ட பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் உழைத்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. அங்கு பாறையின் வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது.

வெப்பத்துக்குப் பாறை மட்டுமே காரணமன்று. கீழே இறங்கும் காற்று, தனக்கு மேலுள்ள காற்றின் எடையால் அழுத்தப்பட்டுச் சூடாகிறது. உலர்ந்த காற்று ஒவ்வொரு கிலோமீட்டர் இறக்கத்திலும் சுமார் 10 டிகிரி சூடேறும். சுரங்கச் சுவர்களின் ஈரம் இந்த வெப்பத்தைக் குறைத்தாலும் காற்றின் ஈரப்பதத்தை உயர்த்திவிடும். அப்போது தொழிலாளியின் வியர்வை எளிதில் ஆவியாகாது, உடல் குளிராது.

ஆகவே ஆழத்துக்குக் காற்றைச் செலுத்துவதும் குளிர்விப்பதும் உயிர் காக்கும் பணிகளாயின. சுரங்கப் பாதையில் காற்றின் அளவை இருமடங்காக்க வேண்டுமெனில், அழுத்தம் நான்கு மடங்கும் விசிறிக்கான மின்திறன் எட்டு மடங்கும் தேவைப்படும். காவிரியின் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902-இல் மின்சாரம் பெற்ற தங்கவயல், ஆழம் கூடக்கூட அதற்கான விலையையும் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தது.

சுரங்கத்தை நிரப்பிய நீர்

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. நீரை வெளியேற்றும் பணி நின்றால், நிலத்தடி நீர் கைவிடப்பட்ட சுரங்கப் பாதைகளை மெல்ல நிரப்பும்.

நீர்மட்டம் ஒவ்வொரு 10 மீட்டர் உயரும்போதும் அடியில் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 3 கி.மீ. உயர நீர்த்தம்பம் அடியில் தரும் அழுத்தம் சுமார் 300 வளிமண்டலம். இந்த நீர் பாறைப் பிளவுகளுக்குள் நுழைந்து, ஒன்றையொன்று பற்றியிருக்கும் பாறை முகங்களின் பிடிப்பைத் தளர்த்துகிறது. ஏற்கெனவே இறுக்கத்தில் உள்ள பாறை அப்போது வழுக்கி நகரக்கூடும். மேலே வசிப்போர் அதை நில அதிர்வாக உணர்வர். சுரங்கம் இயங்கிய காலத்தில் பாறை வெடிப்புகளால் உயிரிழப்புகளைக் கண்ட நகருக்கு இது புதிய அச்சமன்று. 1988-இல் இங்கு தொடங்கப்பட்ட தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இத்தகைய அதிர்வுகளை ஆராய்ந்துள்ளது.

நீர் எவ்வழியாக, எவ்வளவு வேகத்தில் உயர்கிறது என்பதைக் கணிப்பது நுண்பிளவுகளின் ஊடான பாய்ம ஓட்டம் பற்றிய ஆய்வைச் சார்ந்தது.

மேடுகளிலிருந்து பறக்கும் தூசு

தாதுக்கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தபின் எஞ்சிய கழிவு மண் நகரைச் சுற்றி மேடுகளாகக் குவிந்துள்ளது. மக்கள் இவற்றைச் சயனைடு மேடுகள் என்றே அழைக்கின்றனர். இவற்றில் 3 கோடி டன்னுக்கும் அதிகமான மண் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது.

சுமார் 0.1 மி.மீ. அளவுள்ள துகள்களையே காற்று எளிதில் கிளப்புகிறது. அதைவிடப் பெரியவை எடையால் தங்கிவிடும். மிக நுண்ணியவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆயினும் துள்ளி விழும் மணல் துகள்கள் மோதும்போது, அந்த நுண்தூசும் சிதறி எழுந்து நெடுந்தொலைவு மிதந்து செல்லும். சிலிக்கா கலந்த நுண்தூசு நுரையீரலுக்குத் தீங்கானது. மணல் துகள்களின் இந்தத் துள்ளலை ரால்ஃப் பாக்னால்டு 1941-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். செடிகொடிகளை வளர்ப்பதும் மேற்பரப்பை ஈரமாக வைப்பதும் தூசைக் கட்டுப்படுத்தும் என்பது இந்த அறிவியலின் பயன்.

இம்மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024-இல் ஒப்புதல் அளித்தது. பல்லாண்டுகளாக இறுகிய மண் கிளறப்படும்போது காற்றோடு எழும் தூசும், மழையோடு ஓடும் வண்டலும் முன்கூட்டியே கணக்கிடப்பட வேண்டியவை. தங்கவயலுக்கு அருகே பேத்தமங்கலம் ஏரி வழியாகச் செல்லும் பாலாறு தமிழகத்துக்குள் நுழைவதால், இக்கணக்கு மாநில எல்லையோடு முடிவதில்லை.

மாநாடுகளின் பங்கு

இந்தியாவில் பாய்மவியல் ஆய்வுக்கு வலுவான மரபு உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சதீஷ் தவான் நாட்டின் முதல் மீயொலிக் காற்றுச் சுரங்கத்தை அமைத்தார். ஆசியப் பாய்ம இயக்கவியல் மாநாடு முதன்முதலாக 1980 டிசம்பரில் அதே நகரில்தான் கூடியது.

கணினியில் ஓட்டத்தைக் கணிப்போரும், களத்தில் அளவெடுப்போரும் ஒருவர் முடிவை மற்றவர் சோதித்துப் பார்க்க இத்தகைய மாநாடுகள் உதவுகின்றன. கணிப்பு எவ்வளவு நுட்பமானதாயினும், நீர்மட்டம், காற்றின் வேகம், துகளின் அளவு ஆகியவற்றைக் களத்தில் அளந்தால்தான் அதை நம்ப முடியும். சுரங்கத்தின் மேலும் மேடுகளின் அருகிலும் வசிக்கும் தங்கவயல் மக்களுக்கு அந்த அளவீடுகளே பாதுகாப்பின் முதல் படி.