அம்மம்மாவின் ‘ஓம்’, அப்பத்தாவின் ‘ஆமா’

எங்கள் வீட்டில் இரண்டு தமிழ் இருக்கிறது. நான் ரொறன்ரோவில் வளர்ந்தவள். அம்மா அப்பா யாழ்ப்பாணம். கணவர் மதுரைக்காரர். பிள்ளைகளை அம்மம்மா ‘கெதியா வா’ என்று கூப்பிடுவா. வீடியோ அழைப்பில் அப்பத்தா ‘வெரசா வா’ என்பா.

பிள்ளைகள் குழம்ப மாட்டார்களா என்று பலர் கேட்பார்கள். குழப்பம் வரத்தான் செய்யும். மகன் ஒருநாள் எல்லாக் கேள்விக்கும் ‘ஓம், ஓம்’ என்று பதில் சொல்ல, ‘என்னடா மந்திரம் ஓதுற?’ என்று கேட்டா அப்பத்தா. எல்லாரும் சிரித்தோம், அவனும் சேர்ந்து சிரித்தான். இந்தச் சிரிப்பால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

வேறொரு சிரிப்பும் உண்டு. போன வருடம் ஒரு பிறந்தநாள் விழாவில் என் எட்டு வயது மகள் ‘பள்ளிக்கூடம்’ என்று சொல்ல வந்து ‘பல்லிக்கூடம்’ என்றாள். ‘பல்லிக்கெல்லாம் கூடம் கட்டியிருக்கோ?’ என்றா ஒரு அன்ரி. மேசையே சிரித்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மூன்று மாதம் அவள் வெளியாட்களிடம் தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை.

இது சோம்பல் இல்லை. பிறந்து சில மாதங்களில் ஒரு குழந்தையால் எந்த மொழியின் ஒலிகளையும் பிரித்துக் கேட்க முடியும். ஒரு வயதை நெருங்கும்போது, சுற்றி அதிகம் கேட்கும் மொழிக்கே காது பழகிவிடுகிறது. ஆங்கிலத்துக்கு ஒரு ‘ல’ போதும்; தமிழுக்கு ‘ல’வும் வேணும், ‘ள’வும் வேணும். அதே மகளுக்கு ‘ழ’ அழகாக வரும். கனடாக்காரர் சொல்லும் ஆங்கில ‘ர்’ அதற்குக் கிட்டத்தான் இருக்கிறது.

பெரியவர்களுக்கும் இதே கதைதான். நான் ‘ரொறன்ரோ’ என்று எழுதுவேன். கணவர் ‘டொராண்டோ’ என்று எழுதுவார். ஒரே ஊர், ஒரே ஒலி. இலங்கையில் பழகிய காது அதை ஒரு எழுத்தில் பிடிக்கிறது, தமிழ்நாட்டுக் காது இன்னொரு எழுத்தில். இரண்டும் பிழையில்லை.

நம் தலைமுறைக்கு இதன் மறுபக்கமும் தெரியும். என் அம்மா ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவ. இங்கே ஒரு அலுவலகத்துக்குப் போன் எடுத்தால், மூன்று தரம் ‘என்ன சொன்னீங்கள்?’ என்று கேட்பார்கள். கடைசியில் பத்து வயதில் நான் போனை வாங்கிப் பேசுவேன். அம்மாவின் இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பக்கத்துக் காதுக்குத்தான் பழக்கம் இல்லை. ஆனாலும் வெட்கப்பட்டது அம்மாதான்.

2025இல் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ படத்தைக் குடும்பமாகப் பார்த்தோம். சென்னைக்கு வரும் இலங்கைக் குடும்பம் தன் தமிழையே மறைக்க வேண்டியிருக்கும். ‘ஏன் மறைக்கினம்? அதுவும் தமிழ்தானே?’ என்று கேட்டாள் மகள். அதற்கு மேல் நான் விளக்க என்ன இருக்கிறது?

இப்போது எங்கள் வீட்டில் சில பழக்கங்கள் வைத்திருக்கிறோம். பிள்ளை தவறாகச் சொன்னால் நிறுத்தித் திருத்துவதில்லை. ‘பள்ளிக்கூடத்தில இண்டைக்கு என்ன நடந்தது?’ என்று, சரியான சொல்லைப் பதிலிலேயே அவள் காதில் விழ வைக்கிறோம். விருந்தினர் யாராவது அவள் உச்சரிப்பைச் சொல்லிக் காட்டினால், அவள் முன்னாலேயே ‘அவளுக்கு வரும், பேச விடுங்கோ’ என்கிறோம். அம்மம்மாவின் ஆங்கிலத்தைப் பிள்ளைகள் நடித்துக் காட்டினால், அதற்கும் அதே விதிதான்.

ஞாயிறுதோறும் அப்பத்தாவோடு பத்து நிமிடம் பேச்சு. விளங்காத சொல்லை அவவிடமே கேட்க வேணும். நாங்கள் நடுவில் மொழிபெயர்ப்பதில்லை. முதல் சில வாரம் ‘என்ன? என்ன?’ என்றே போனது. பிறகு இரண்டு பக்கமும் காது பழகிவிட்டது. இப்போது பத்து நிமிடம் போதவில்லை என்று மகள் சண்டை பிடிக்கிறாள்.