ஈரல் கெட்டவர் இரத்தமாக வாந்தி எடுப்பது ஏன்?

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வீதியில், ஹுன்னஸ்கிரிய மலைப்பகுதியில் மண் சரிந்து வழி அடைபட்டால், பஸ்ஸும் லொறியும் தமக்கென வெட்டப்படாத ஒடுங்கிய தோட்டப் பாதைகளில் புகுந்து அவற்றைத் தகர்த்துவிடும் அல்லவா? நம் சரீரத்திலும் அதுவே நிகழ்கிறது.

குடலிலிருந்து திரும்பும் இரத்தம், மற்ற அங்கங்களின் இரத்தத்தைப் போல நேரே இருதயத்தை அடையாமல், உண்ட ஆகாரத்தின் சாரமும் விஷமும் பிரிக்கப்படும் பொருட்டு, ஏறத்தாழ 8 சென்டிமீற்றர் நீளமுள்ள ஒரு பெருநாளத்தின் வழியே முதலில் ஈரலுக்குள் நுழைகிறது.

மதுவாலோ, வைரஸ் கிருமியாலோ, கொழுப்புப் படிந்தோ ஈரல் தழும்பேறி இறுகினால், அந்நாளத்தில் அழுத்தம் ஏறுகிறது. ஏறவே, பிறவியிலேயே நம் எல்லாருக்கும் அமைந்துள்ள மெல்லிய இணைப்பு நாளங்களின் வழியாக இரத்தம் ஈரலைத் தவிர்த்து இருதயத்தை நாடுகிறது.

அவ்விணைப்புகள் எங்கே உள்ளன? தொப்புளைச் சுற்றி, மலக்குடலின் அடியில், உணவுக்குழலின் கீழ்முனையில். தொப்புளருகே நாளங்கள் புடைத்துக் கிளைவிடுவது கண்ணுக்கே தெரியும். உயிருக்கு அபாயமோ கண்ணுக்குத் தெரியாத உணவுக்குழலில்தான். அங்கே வீங்கிய நாளம் வெடித்தால் வாயில் இரத்தம் கொட்டும். மலம் கன்னங்கரேலென்று போகும். ஈரலில் சுத்தியாகாத விஷம் மூளையை எட்டிப் புத்தி தடுமாறுவதும் உண்டு.

வைத்தியர்கள் குழாய்க் கமராவைச் செலுத்தி, வீங்கிய நாளங்களைச் சிறு ரப்பர் வளையங்களால் கட்டி இரத்தத்தை நிறுத்துகிறார்கள். ஆகவே, இரத்த வாந்தி கண்டால் கைவைத்தியம் பார்த்துத் தாமதியாமல், உடனே 1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.