குழுவை விட்டு வெளியேறியவர்

2018 பிப்ரவரியில் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை அறிவிக்கப்பட்டது. 277 கிலோமீட்டர், ஐந்து மாவட்டங்கள், சுமார் 10,000 கோடி ரூபாய். நிலத்தை அளந்து கல் நடத் தொடங்கியதும் சேலம் பக்கத்து விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். ஃபோன் வைத்திருந்த எல்லோரும் அந்த ஆண்டு அந்தச் சாலையைப் பற்றிப் பார்த்தார்கள். ஆனால் எல்லோரும் பார்த்தது ஒன்றையே அல்ல. ஒருவர் ஃபோனில் தென்னையும் கிணறும் போகிறதே என்று அழும் பாட்டி. இன்னொருவர் ஃபோனில் சென்னைப் பயணம் பாதி நேரமாகும் என்ற கணக்கு. இரண்டுமே உண்மைதான். ஒருவர் திரையில் இருந்தது மற்றவர் திரைக்கு வரவில்லை, அவ்வளவே.

இந்தப் பிரிவுக்கு அல்காரிதம்தான் காரணம் என்று சொல்வது நமக்கு வசதி. எதில் கூடுதல் நேரம் நிற்கிறோமோ அதைப் போன்றதையே அது கொண்டுவந்து கொட்டுகிறது என்பது மெய். ஆனால் 2015இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு ஒரு கோடி அமெரிக்க ஃபேஸ்புக் பயனர்களின் தரவைப் பார்த்துவிட்டு வேறொன்றையும் சொன்னது. எதிர்த்தரப்புச் செய்தி கண்ணில் படுவதை அல்காரிதம் கொஞ்சம் குறைக்கிறது. யாரை நண்பராக வைத்திருக்கிறோம், எதைத் தொட்டுத் திறக்கிறோம் என்ற நம் தேர்வு அதைவிட அதிகமாகக் குறைக்கிறது. ஆய்வாளர்கள் ஃபேஸ்புக்கின் ஊழியர்கள் என்பதால் இந்த முடிவைச் சற்று எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் நம் விரலுக்கும் இதில் பங்கு உண்டு.

அப்படியானால் எதிர்த்தரப்பை ஃபீடுக்குள் கொண்டுவந்தால் போதுமா? சமூகவியலாளர் கிறிஸ்டோபர் பெய்ல் குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ட்விட்டர் பயன்படுத்தும் அமெரிக்கர்களுக்கு 11 டாலர் கொடுத்து, எதிர்க்கட்சித் தலைவர்கள், கருத்தாளர்கள், ஊடகங்களின் பதிவுகளை நாளுக்கு 24 வீதம் பகிரும் ஒரு தானியங்கிக் கணக்கை ஒரு மாதம் பின்தொடரச் சொன்னார்கள். 2018இல் வெளியான முடிவு பலரைத் திகைக்க வைத்தது. குடியரசுக் கட்சிக்காரர்கள் தங்கள் நிலையில் இன்னும் இறுகிப்போனார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர்களிடம் தெளிவான மாற்றம் தென்படவில்லை.

இதைப் படித்துவிட்டு, எதிராளி பேச்சைக் கேட்பதே வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பொருளியலாளர் ரோயீ லெவி 2021இல் வெளியிட்ட ஆய்வு வேறு வழியில் போனது. 37,000க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்ட சோதனையில், அவர் ஒரு பகுதியினருக்கு எதிர்த்தரப்புச் செய்தி நிறுவனங்களின் ஃபேஸ்புக் பக்கங்களைப் பின்தொடரும் வாய்ப்பைக் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் அரசியல் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. எதிர்க்கட்சி மீதிருந்த வெறுப்பு மட்டும் குறைந்தது. கூடவே, எதிர்த்தரப்புப் பக்கத்தைப் பின்தொடர்ந்தாலும் அதன் பதிவுகளை அல்காரிதம் குறைவாகவே காட்டுவதையும் அவர் கண்டார்.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது இது. மேடைக் குரல்கள் மணிக்கொன்றாக வந்து மோதினால் நம் தரப்பைக் காக்கும் வீம்புதான் எழும். நாமே தேர்ந்தெடுத்துப் படிக்கும் செய்தி அப்படி வந்து மோதுவதில்லை. கருத்து மாறாமல் வெறுப்பு மட்டும் குறைவதைச் சிறிய பலன் என்று நான் நினைக்கவில்லை. ஒரே ஊரில் சேர்ந்து வாழ அது போதும்.

சேலத்து மண்ணுக்கு வெறுப்பில்லாத கருத்துவேறுபாடு புதிதும் அல்ல. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர் ராஜாஜி. 1944 ஆகஸ்டில் அதே சேலத்தில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது, தலைவர் பெரியார். ராஜாஜியின் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லிப் பெரியார் கடுமையாக எதிர்த்தார்; 1954இல் ராஜாஜி முதல்வர் பதவியை விட்டு விலகினார். இருவரும் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை, தங்களுக்குள் இருந்த நட்பையும் விடவில்லை. 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, தள்ளாத வயதில் சக்கர நாற்காலியில் வந்து பெரியார் கண்ணீர் விட்டார்.

எட்டுவழிச் சாலை விவகாரத்திலும் இரு தரப்பையும் ஒரே இடத்தில் படிக்க வழி இருந்தது, நீதிமன்றத் தீர்ப்புகளில். 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர்நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்சநீதிமன்றம் அந்த முடிவைப் பெருமளவு மாற்றியது. தீர்ப்பு எழுதுகிறவர் தோற்ற தரப்பின் வாதத்தையும் எடுத்துச் சொல்லித்தான் மறுக்க முடியும். ரீல்ஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தனக்குப் பிடித்த தீர்ப்போடு நின்றுவிட்டவருக்குக் கதையில் பாதிதான் தெரியும்.

அமெரிக்க ஆய்வுகள் பேசுவது ஃபீடைப் பற்றி. சேலம், நாமக்கல் பக்கம் அரசியல் அதிகம் ஓடுவது வாட்ஸ்அப் குழுக்களில். அங்கே செய்தியைத் தேர்ந்து அடுக்கும் அல்காரிதம் இல்லை. பங்காளிகள் குழு, தெருக் குழு, பள்ளித் தோழர்கள் குழு என்று எல்லாவற்றிலும் செய்தியைச் சலித்தெடுப்பது மனிதர்களே. 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. வதந்தியின் வேகத்துக்கு அது கடிவாளம். ஆனால் மாற்றுக் கருத்துக்காரரைக் கிண்டல் செய்தே வெளியேற்றும் வழக்கத்தை எந்தக் கட்டுப்பாடும் தொடவில்லை. அவர் போன பிறகு குழு அமைதியாகிறது. எல்லோரும் ஒரே கருத்தில் இருப்பதாகவும் தோன்றுகிறது. மறுத்துச் சொல்ல ஆள் இல்லாததால் வந்த தோற்றம் அது.

ஆகவே செய்ய வேண்டியவை எளியவை. உங்களுக்கு ஒவ்வாத கட்சியின் தரப்பை நிதானமாக எழுதும் ஒரு நாளிதழையோ கட்டுரையாளரையோ பின்தொடருங்கள். அல்காரிதம் காட்டும் என்று காத்திராமல் நீங்களே அந்தப் பக்கத்தைத் திறந்து படியுங்கள். எரிச்சலூட்டவே பேசும் கணக்குகளை, உங்கள் தரப்பில் இருந்தாலும், ‘விருப்பமில்லை’ என்று ஒதுக்குங்கள். நீங்கள் அட்மினாக இருந்தால், சண்டையில் வெளியேறிய சித்தப்பாவுக்கோ மச்சானுக்கோ ஃபோன் போட்டுப் பேசி, மறுபடி குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.